பேனுக்காக ஒரு பிள்ளையைத் தனியே உட்கார வைப்பதா?

மும்பை முலுண்டில் தமிழ்ப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்றைய பேச்சின் பொருள் பேன். சின்னப் பிள்ளைகளின் தலையில் ஊரும் சாதாரணத் தலைப்பேன். இதையெல்லாம் மேடையேறிப் பேச வேண்டுமா என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. டெங்கு, மலேரியா, காசநோய் என்று மும்பையில் பேச எத்தனையோ உண்டு. ஆனால் மலேரியா வந்த பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பேன் வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். டைரியில் சிவப்பு மையில் எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே பேனைப் பற்றிப் பேசுவது அந்தப் பிள்ளைக்காகத்தான்.

மகாராஷ்டிரத்தில் ஜூன் நடுவில் பள்ளி திறக்கிறது. மழையும் அதே வாரங்களில்தான் பிடிக்கிறது. நனைந்த தலை காய்வதற்குள் ரெட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலு பேர். பள்ளிக்கூட ரிக்‌ஷாவில் மடிமேல் மடி. ஜூலை பிறக்கும்போது ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை பின்னங்கழுத்தைச் சொறிய ஆரம்பிக்கும். "யாருகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டு வந்தே?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயர் பதிலாக வரும். மறுநாள் காலை அம்மா வகுப்பு வாசலில் நிற்பார்: "டீச்சர், என் பொண்ணை அவ பக்கத்துல உட்கார வைக்காதீங்க." அந்த இன்னொரு பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகும். விசாரணை கிடையாது. தீர்ப்பு மட்டும் உண்டு, அதுவும் பெரும்பாலும் தவறான தீர்ப்பு.

ஏன் தவறு? முதல் தடவை பேன் தொற்றும்போது அரிப்பு உடனே தெரியாது. பேன் கடிக்கையில் அதன் உமிழ்நீர் தோலுக்குள் போகிறது. அதற்கு உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. அந்த ஒவ்வாமை உருவாவதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம். அப்படியானால் ஜூலை முதல் வாரத்தில் சொறிய ஆரம்பிக்கும் பிள்ளையின் தலையில் பேன் ஏறியது மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ இருக்கும். அப்போது பள்ளிக்கூடமே திறக்கவில்லை. அந்தப் பிள்ளை நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போயிருக்கும். ஆச்சி வீட்டில் சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லோரோடும் ஒரே ஜமுக்காளத்தில் படுத்துத் தூங்கியிருக்கும். கோயில் கொடையில் விடிய விடியத் தோளோடு தோள் சாய்ந்து வில்லுப்பாட்டுக் கேட்டிருக்கும். ஊரில் கேட்டால், பம்பாய்ப் பிள்ளைகள்தான் பேனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டன என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இல்லை. அரிப்பு தெரிகிற நாளில் அந்தப் பேன் எத்தனை தலை மாறி வந்தது என்பதை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பக்கத்து பெஞ்ச் பிள்ளையின் தலையில் கை வைக்கும் முன்னால் இந்த நாலு வாரக் கணக்கை ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு ஆசிரியையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பேனின் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வளர்ந்த பேன் ஓர் எள்ளளவு இருக்கும், இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர். இறக்கை இல்லை. ஆறு கால், ஒவ்வொரு காலின் நுனியிலும் முடியைக் கவ்விப் பிடிக்க ஒரு வளைந்த நகம். ஒரு நாளில் பல தடவை இரத்தம் குடிக்கும். பெண் பேன் நாளொன்றுக்கு எட்டு முட்டை வரை இடும். அதைத்தான் ஈர் என்கிறோம். முட்டை பொரிக்கச் சூடு வேண்டும் என்பதால் தோலிலிருந்து ஆறு மில்லிமீட்டருக்குள், முடியின் அடியில், தண்ணீரிலும் கரையாத பசை வைத்து ஒட்டிவிடும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இது அதிகம். ஏழிலிருந்து பத்து நாளில் ஈர் பொரிக்கும். பொரித்த குஞ்சு மூன்று தடவை தோலுரித்து, ஏறக்குறைய பத்து நாளில் முட்டையிடும் வயதுக்கு வரும். தலையிலேயே இருந்தால் ஒரு மாதம் போல உயிரோடிருக்கும். தலையை விட்டுக் கீழே விழுந்தால் சாப்பாடு இல்லாமல் ஓரிரு நாளில் செத்துப்போகும்.

பேன் பறக்காது, குதிக்காது. ஊரும், அவ்வளவுதான். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக வேண்டுமென்றால் முடியும் முடியும் தொட்டாக வேண்டும். சீப்பு, ரிப்பன், தலையணை வழியாகப் பரவுவது உண்டு, ஆனால் குறைவு. பெஞ்சிலிருந்தோ சுவரிலிருந்தோ தாவி வருவதில்லை. பத்துக்குப் பத்து ஒற்றை அறைக் கோலியில் ஆறு பேர் படுக்கும் தாராவி வீட்டிலும், கட்டிலில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துத் தூங்கும் முலுண்ட் ஃபிளாட்டிலும், ஒரே மொபைலில் தலையோடு தலை முட்டி வீடியோ பார்க்கும் எந்தத் திண்ணையிலும் அதற்கு வழி கிடைக்கிறது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக இருக்கும் இடத்திலெல்லாம் பேன் பரவும்.

"சுத்தமில்லாத தலையில்தான் பேன் வரும்" என்பது எல்லா மொழிக்காரர்களும் நம்பும் பொய். பேனுக்கு வேண்டியது இரத்தமும் சூடும். அவை தினமும் ஷாம்பூ போட்ட தலையிலும் உண்டு. அமெரிக்காவில் 3 வயதிலிருந்து 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மட்டும் ஆண்டுக்கு 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சம் பேருக்குப் பேன் தொற்றுகிறது என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் மதிப்பிடுகிறது. வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் உள்ள நாடு அது. இங்கே முலுண்டில், லால் பகதூர் சாஸ்திரி சாலையோரம் எழும்பி நிற்கும் கோபுரக் கட்டடங்களில் ஒரு பிள்ளைக்குப் பேன் வந்தால் வேலைக்கு வரும் பாயியின்மேல் சந்தேகம் போகிறது. மலையடிவாரத்து சால் குடியிருப்புகளில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அதன் அம்மாவின் வளர்ப்பின்மேல் போகிறது. வசதி கூடக் கூடப் பழியைச் சுமக்க இன்னொருவர் கிடைத்துவிடுகிறார்.

மனிதனோடு பேனுக்குள்ள உறவு பள்ளிக்கூடத்தைவிட, ஊரைவிட, எழுத்தைவிடப் பழையது. பிரேசிலில் கிடைத்த பத்தாயிரம் ஆண்டுப் பழமையான முடியில் ஈர் ஒட்டியிருந்தது. எகிப்தின் மம்மிகளிலும் இருக்கிறது. தலைப்பேனும் உடைப்பேனும் எப்போது பிரிந்தன என்று மரபணுவைக் கொண்டு கணக்கிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், மனிதன் உடை உடுத்தத் தொடங்கியது சுமார் 1,70,000 ஆண்டுகளுக்கு முன்னால் என்று 2011இல் எழுதினார்கள். துணி மக்கிப்போகும், பேனின் வம்சாவளி மக்குவதில்லை.

இதைவிட நெஞ்சைத் தொடும் சான்று ஒரு சீப்பு. இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய கானானிய நகரத்தில் தோண்டியபோது யானைத் தந்தத்தால் ஆன சின்னஞ்சிறு சீப்பொன்று கிடைத்தது. நீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். ஒரு பக்கம் சிக்கெடுக்கத் தடித்த பற்கள், மறுபக்கம் பேனும் ஈரும் வாரும் நெருக்கமான பற்கள். தோண்டி எடுத்த சில ஆண்டுகள் கழித்துத்தான் அதன்மேல் மெல்லிய கீறல்களாய் 17 எழுத்துகள் இருப்பது கண்ணில் பட்டது. 2022இல் அதைப் படித்து வெளியிட்டார்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற பொருளில் ஓர் ஏழு சொல் வாக்கியம். கி.மு. 1700 வாக்கில் பொறித்தது என்று கணிக்கிறார்கள். கானானிய எழுத்தில் முழு வாக்கியமாகக் கிடைத்தவற்றில் இதுவே மிகப் பழையது. பல்லிடுக்கில் பேனின் மிச்சமும் இருந்தது. தந்தம் அந்த நாட்டில் கிடைக்காது, எகிப்திலிருந்து வர வேண்டும். ஆக, அந்தச் சீப்பை வைத்திருந்தவர் வசதி படைத்தவர். பேனுக்கு அன்றைக்கும் வசதி ஒரு பொருட்டில்லை.

அந்த இரண்டு பக்கச் சீப்பைப் பார்த்தால் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு ஆச்சரியமே வராது. அதே அமைப்பில் மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் நம்மிடம் இருக்கிறது. நெல்லைப் பக்கத்துக்காரர்கள் அதோடு ஈரை உருவும் ஈர்வலியையும் ஊரிலிருந்து கொண்டுவருவார்கள். தாராவியிலும் செம்பூரிலும் இங்கே முலுண்டிலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சால்களின் வராந்தாவில் நடந்து போனால் பார்க்கலாம்: அம்மா வாசற்படியில், மகள் ஒரு படி கீழே. மகளின் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. சடையை அவிழ்த்து, உச்சியில் வகிடு பிரித்து, விரல்நுனியால் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒரு முடியில் ஒட்டிய ஈரை ஈர்வலியின் இடுக்கில் கொடுத்து நுனிவரை உருவி எடுப்பார். சீப்பில் வந்த பேனைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மற்ற நகத்தால் நெரிப்பார். பிள்ளை அதற்குள் பாதித் தூக்கத்தில் இருக்கும். இந்த வேலையில் கண்ணும் கையும் பொறுமையும் வேண்டும். இன்றைய மருத்துவப் புத்தகங்கள் பேனுக்குச் சொல்லும் சிறந்த வழிகளில் ஒன்று ஏறக்குறைய இதுதான், அதைப் பின்னால் பார்ப்போம்.

பேனால் நோய் பரவுமா என்று பள்ளிகள் பயப்படுகின்றன. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. டூனிஸ் நகரத்தில் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தை நடத்திய சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். டைஃபஸ் காய்ச்சல்காரர்கள் மருத்துவமனை வாசல்வரை மற்றவர்களுக்கு நோயைப் பரப்புகிறார்கள். உள்ளே குளிப்பாட்டி, துணியை மாற்றிப் படுக்க வைத்த பிறகு யாருக்கும் பரவுவதில்லை. வாசலில் கழற்றி வைத்தது துணியைத்தான். 1909இல் அவர் செய்த சோதனைகள் டைஃபஸைப் பரப்புவது பேன் என்று நிறுவின. 1928இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் பேன் துணியின் மடிப்பில் வாழும் உடைப்பேன். போரிலும் சிறையிலும் அகதி முகாமிலும் துணி மாற்ற வழியில்லாதவர்களிடம் பெருகுவது. பள்ளிப் பிள்ளைகளின் தலைப்பேன் ஊரில் கொள்ளைநோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை. உடைப்பேனின் கெட்ட பெயரை அது நூறு ஆண்டாகச் சுமக்கிறது, அதைத் தலையில் வைத்திருக்கும் பிள்ளையும் சேர்ந்து சுமக்கிறது.

அதற்காகப் பேன் தீங்கே செய்யாது என்று சொல்ல வரவில்லை. இரவில் தூக்கம் கெடும். சொறிந்த இடம் புண்ணாகி, சீழ் பிடித்து, கழுத்தில் நெறி கட்டும். அந்தப் புண்ணுக்கு மருத்துவர் வேண்டும். இரத்தத்தைக் குடித்தே பிள்ளையைச் சோகையாக்கிவிடுமா என்பதைக் கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகர ஆய்வாளர்கள் பேனை இரத்தம் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டு, தலையில் முப்பது பேன் உள்ள சராசரிப் பிள்ளை நாளொன்றுக்கு இழப்பது 0.008 மில்லிலிட்டர் இரத்தம் என்று 2006இல் எழுதினார்கள். ஒரு சொட்டில் சின்னப் பங்கு. மாதக்கணக்கில் கவனிக்காமல் ஆயிரக்கணக்கில் பெருகிய தலை வேறு கதை. அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் பேனைவிட முதலில் கேட்க வேண்டியது, அந்த வீட்டில் அதன் தலையைப் பார்க்க யாராவது இருக்கிறார்களா என்பது.

இந்தக் கேள்வியை ஒரு நகரம் கேட்டது. அதன் விடையை எண்ணிக்கையாகவும் எழுதி வைத்தது. 1902, நியூயார்க். ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெரிசலாக வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதி, நமக்குப் புரியும்படி சொன்னால் அந்த ஊர் தாராவி. பள்ளிகளுக்கு மருத்துவர்கள் வந்து பார்த்து, கண்நோய், படர்தாமரை, சிரங்கு, பேன் என்று எது இருந்தாலும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சீட்டு. அந்தச் சீட்டைப் படிக்க வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. மருந்து வாங்கக் காசில்லை. பிள்ளை தெருவில் விளையாடியது. அனுப்பப்பட்ட பிள்ளையும் அனுப்பப்படாத பிள்ளையும் சாயங்காலம் அதே தெருவில் ஒன்றாகத்தான் விளையாடினார்கள்.

ஹென்றி தெருவில் செவிலியர் இல்லம் நடத்திய லிலியன் வால்ட், தலையில் புண் இருந்ததால் பன்னிரண்டு வயதுவரை பள்ளிக்கே போகாத ஒரு பையனைப் பார்த்தார். நகராட்சியிடம் போய், ஒரு செவிலியரை ஒரு மாதத்துக்குத் தருகிறோம், பள்ளிகளில் வைத்துப் பாருங்கள் என்றார். லீனா ராஜர்ஸ் என்ற செவிலியர் அக்டோபரில் நாலு பள்ளிகளில் வேலை தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டார். மாலையில் வீடு வீடாகப் போய், தாயின் கையைப் பிடித்து எப்படித் தலை வார வேண்டும் என்று காட்டினார். திட்டம் பிடித்துப்போய் நகராட்சி மேலும் செவிலியர்களை அமர்த்தியது. 1902 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் 1,101 பேர். பேன் ஒழிந்துவிடவில்லை. அனுப்புவது ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்தது, ஏனென்றால் பிள்ளையின் தலையைக் கவனிக்க ஓர் ஆள் வந்துவிட்டார். பள்ளிச் செவிலியர் என்ற பணியே அமெரிக்காவில் அப்படித்தான் வேரூன்றியது.

நூற்றிருபது ஆண்டு கழித்து மருத்துவ உலகமும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆரோக்கியமான எந்தப் பிள்ளையையும் பேனுக்காகவோ ஈருக்காகவோ பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பல தடவை சொல்லியிருக்கிறது. 2022இல் வந்த அறிக்கையிலும் அதையே சொன்னது. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையும் பேனுக்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம் என்கிறது. காரணம் எளிது. பேன் இருப்பது தெரியவரும் நாளில், அது அந்தத் தலைக்கு வந்து வாரக்கணக்காகியிருக்கும். இன்றைக்கு ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பி எதைத் தடுக்கப்போகிறோம்? ஈர் இருந்தாலே அனுப்புவது இன்னும் மோசம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்கிறது. தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் வெள்ளையாகத் தெரியும் ஈர் பெரும்பாலும் பொரித்து முடிந்த வெற்றுக்கூடு. பல சமயம் அது ஈர்கூட அல்ல, பொடுகு. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று நம் முன்னோர் சொன்னது இந்தப் பள்ளி விதிக்கு அப்படியே பொருந்துகிறது.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: பிள்ளையை உடலால் தண்டிக்கவும் கூடாது, மனத்தால் துன்புறுத்தவும் கூடாது. வகுப்பின் நடுவே ஒரு பெண்பிள்ளையின் சடையைப் பென்சில் நுனியால் தூக்கிப் பார்த்து, "இவளுக்குப் பேன் இருக்கு, தள்ளி உட்காருங்க" என்று சொல்வது மனத் துன்புறுத்தல் இல்லையென்றால் வேறு எது? அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி தனியார் பள்ளிகளில் கால்வாசி இடம் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு. லாட்டரியில் இடம் கிடைத்து, அழகான சீருடை போட்டு, முதல் தடவை அந்த வாசலுக்குள் நுழையும் பிள்ளை அது. வகுப்பில் யாருக்குப் பேன் வந்தாலும் கண்கள் அதன்மேல்தான் திரும்பும் என்றால், சட்டம் திறந்த கதவை ஒரு பூச்சியின் பெயரால் நாம் சாத்துகிறோம். ஆசிரியைகளுக்கு அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு படும் பாடு தெரியாமல் இதைச் சொல்லவில்லை. அவர்கள்மீது பெற்றோர் போடும் அழுத்தமும் தெரிந்ததுதான். அந்த அழுத்தத்தை முதலில் விட வேண்டியவர்கள் பெற்றோர்.

வெட்கம் இன்னொரு கெடுதலையும் செய்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் பேனை ஒழித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வீடுகளில் எதையெதையோ தலையில் போடுகிறார்கள். இங்கேதான் உண்மையான ஆபத்து.

சீதாப்பழக் காலத்தில் புணே பக்கத்திலிருந்து மும்பைக்குக் கூடை கூடையாகப் பழம் வருகிறது. சாப்பிட்டு விதையைக் காயவைத்து, இடித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்ப்பது பழைய கைவைத்தியம். அந்த விதையில் பூச்சியைக் கொல்லும் நஞ்சு உண்மையாகவே இருக்கிறது. அதே நஞ்சு கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலை அரித்துவிடும். தலை அலசும்போது வழிந்தோ, இடிக்கும்போது தூள் பறந்தோ கண்ணில் பட்டு, வலியில் துடித்தபடி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் தங்கள் இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். விதையை வீட்டில் இடிக்கவே வேண்டாம்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலப்பது நம்மவர்களிடம் சர்வ சாதாரணம். கற்பூரம் சிறு பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், கொஞ்சம் போனாலும் போதும். கிண்ணத்தில் கலக்கி வைத்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் இரண்டு வயதுத் தம்பி அதை எடுத்துக் குடித்துவிடலாம். மண்ணெண்ணெய் தேய்த்த தலையோடு அடுப்புப் பக்கம் போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எறும்புக்குக் கோடு போடும் சாக்கட்டியையும், கொசுவுக்கு அடிக்கும் மருந்தையும் தலையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை பிள்ளையின் தோலுக்கென்று செய்தவை அல்ல. பழனிக்கோ திருச்செந்தூருக்கோ வேண்டிக்கொண்டு பிள்ளைக்கு மொட்டை போடுவது சந்தோஷமான காரியம். பேனுக்குத் தண்டனையாக எட்டு வயதுப் பெண்ணின் தலையை மழித்துப் பள்ளிக்கு அனுப்புவது கொடுமை.

சரி, எதுதான் வேலை செய்யும்?

மருந்துக் கடையில் கிடைப்பவற்றில் பெர்மெத்ரின் ஒரு சதவீத லோஷன் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. துவட்டிய ஈரத் தலையில் தடவி, பத்து நிமிடம் வைத்து, அலச வேண்டும். ஈரை அது முழுக்கக் கொல்லாது. ஆகவே ஒன்பதாம் நாள் திரும்பப் போட வேண்டும். இரண்டாம் தடவை போடாமல் விடுவதால்தான் "மருந்து போட்டும் போகவில்லை" என்ற புலம்பல் வருகிறது. இன்னொரு காரணம், பேன் மருந்துக்குப் பழகிவிடுகிறது. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் பிடித்த பேன்களைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான இடங்களில் பேனுக்கு இந்த வகை மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் இருந்தது. ஐவர்மெக்டின் மாத்திரை இருக்கிறது. அது மருத்துவர் பிள்ளையின் எடை பார்த்துத் தர வேண்டியது, 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தருவதில்லை. பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கிக் கொடுப்பது கூடவே கூடாது.

மருந்தே வேண்டாம் என்றால் சீப்பு. பிரிட்டனில் 2005இல் ஓர் ஆய்வு நடந்தது. சில பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய பேன் மருந்து, மற்றவர்களுக்குத் தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாருவது. மருந்து போட்டவர்களில் 100க்கு 13 பேருக்குத்தான் பேன் அடியோடு போயிருந்தது. சீப்பு பிடித்தவர்களில் 57 பேருக்குப் போயிருந்தது. ஈரத்தலையில் பேன் சட்டென்று ஓடாது, வழவழப்பில் முடியைப் பிடிக்க முடியாமல் சீப்போடு வந்துவிடும். கண்டிஷனர் இல்லாத வீட்டில் தேங்காய் எண்ணெய் போதும். இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் சாலிலும் ஒரு சொம்புத் தண்ணீரில் இது முடியும்.

முறை இதுதான். முதலில் பெரிய சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். பிறகு முடியைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பின் பல் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட கூந்தலுக்கு அரைமணி நேரத்துக்கு மேலாகும். இதை முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று நாலு தடவை செய்ய வேண்டும். அந்த நாள்கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஈர் பொரித்து வரும் குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்கு முன்னால் அடுத்த வாரல் வந்துவிடும். நடுவில் ஒன்றை விட்டால் திரும்ப முதலிலிருந்து. பிள்ளைக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஒரே பாயில் படுக்கும் எல்லோருக்கும், அம்மாவுக்கும் சேர்த்து, அதே நாளில் பார்க்க வேண்டும். தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்து, சீப்பைச் சுடுநீரில் பத்து நிமிடம் போட்டால் வீட்டைப் பொறுத்தவரை அவ்வளவே. வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை.

ஒரு வீடு தனியாகச் செய்தால் பலன் பாதிதான். பிரிட்டனில் ஜனவரி 31, ஜூன் 15, அக்டோபர் 31 என்று ஆண்டில் மூன்று நாளைக் குறித்து, எல்லா வீடுகளிலும் ஒன்றாகத் தலை வாரும் பழக்கத்தை ஒரு தொண்டு அமைப்பு கொண்டுவந்தது. ஒரே இரவில் வகுப்பு முழுக்க வாரினால் பேனுக்குப் போக்கிடம் இல்லை. யாரிடமிருந்து வந்தது என்ற பேச்சுக்கும் இடமில்லை. அந்த ஜூன் 15 நமக்கும் பள்ளி திறக்கும் நேரம்.

அரசு இதில் என்ன செய்கிறது? பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் 2013 பிப்ரவரியில் தொடங்கியதே நம் மகாராஷ்டிரத்தில், பால்கரில்தான். அதன் பட்டியலில் தோல்நோய் என்ற தலைப்பின் கீழ் சிரங்கு, பூஞ்சைத் தொற்று, கரப்பான் இருக்கின்றன. பேன் இல்லை. உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றைச் சேர்க்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பிள்ளையின் தலையில் புண்ணைப் பார்க்கும் மருத்துவக் குழு அப்படியே பிடரியையும் பார்த்து, தாய்க்கு இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுக்கப் பெரிய செலவு எதுவும் ஆகாது. இதை மாநகராட்சியிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தனியார் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. இங்கே வந்திருப்பவர்களில் அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் மூன்றே மூன்றைக் கேளுங்கள். பேனுக்காக எந்தப் பிள்ளையையும் இடம் மாற்றுவதில்லை, வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று பள்ளி எழுத்தில் சொல்லட்டும். யாருடைய டைரியிலும் தனியாக எழுதாமல், வகுப்பு முழுவதற்கும் ஒரே சீட்டு போகட்டும். தலை வாரும் நாலு தேதிகளும் அதில் அச்சாகியிருக்கட்டும்.

அந்தச் சீட்டு தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். "வகுப்பில் சில பிள்ளைகளுக்குப் பேன் இருக்கிறது. இது எந்த வீட்டிலும் வரக்கூடியது. இந்தச் சனிக்கிழமை இரவு எல்லா வீடுகளிலும் ஈரத்தலையில் பேன் சீப்பால் வாருங்கள். கற்பூரம், சீதாப்பழ விதை, மண்ணெண்ணெய் வேண்டாம். புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை திங்கட்கிழமை வழக்கம்போல் பள்ளிக்கு வரலாம்" என்ற அளவில் எழுதினால் போதும். படிக்கத் தெரியாத தாய்க்கு, பிள்ளையை விட வரும்போது ஆசிரியை வாய்விட்டுச் சொல்லிவிடலாம். வேலைக்குப் போய் ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பும் தாய் இருந்தால், பக்கத்துக் கோலியில் இருக்கும் அக்காவோ ஆச்சியோ அந்தப் பிள்ளையின் தலையையும் சேர்த்து வாரிவிடட்டும்.